ஒரு வேலையும் பார்க்காத கத்தி

ஆயுத பூஜை முடிந்து ஒன்பது நாளாகியும் அந்தக் கத்தியில் வைத்த குங்குமப் பொட்டு காயவில்லை.

அர்ஜுனன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டின் முன்னறையில், சிவப்பு வெல்வெட் துணியின்மேல், பழைய பட்டாளத்துக் கத்திகளாகப் பதினொன்று சேர்த்து வைத்திருந்தார். நீளம் எவ்வளவு, பிடியில் அடித்த நம்பர் என்ன, எந்தச் சண்டைக்கு எந்தப் படையோடு போனது என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு நோட்டில் எழுதுவார். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டாவது, ஜானி பாஷாவின் பழைய இரும்புக்கடையில் அகப்பட்டது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டு பக்கமும் கூர். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. பெங்களூரில் இதே பைத்தியம் பிடித்த ரிட்டயர்டு சுபேதார் ஒருவருக்கு நம்பரை எழுதிப்போட்டார். பதில் வந்தது: முதல் உலகப்போருக்காக அடித்தது, எந்தச் சிப்பாய் கைக்கும் போகாமல் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது, இது ஒரு வேலையும் பார்க்காத கத்தி.

பூஜையன்று அவர் மனைவி தனம், தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை, அவருடைய பிரஷ் எல்லாவற்றோடும் இதையும் சேர்த்து வைத்துப் பொட்டிட்டுவிட்டாள்.

"அதுவும் ஆயுதம்தானேங்க. பாவம், புதுசா வந்திருக்குது."

பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்து ஒரு வேலையாவது வாங்கிவிட வேண்டும். தனம் மெஷினில் ஒரு தையல் ஓட்டினாள். இவர் பிரஷ்ஷால் காகிதத்தில் மலையை ஒரே கோட்டில் இழுத்தார். கத்தியை மட்டும் சும்மா கொண்டுபோய் வெல்வெட்டில் வைத்துவிட்டார்கள்.

துடைத்தால் துணி சிவந்தது. துணியை மடித்துவிட்டுப் பார்த்தால் பொட்டு இருந்த இடத்திலேயே ஈரமாக இருந்தது. அறை முழுக்கக் குங்கும வாசனையும், துரு எண்ணெய் வாசனையும். சரி, வேலை கேட்கிறது போலிருக்கிறது என்று எலுமிச்சம்பழத்தில் வைத்து அழுத்தினார். வழுக்கிக்கொண்டு போனது. பூசணிக்காயில் ஒரு கோடுகூட விழவில்லை. கோழி ஒன்று, கழுத்தில் கத்தி இருக்கும்போதே அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, எழுந்துபோய் அரிசி பொறுக்கியது.

பஸ் ஏறி ஜானி பாஷாவிடம் கொண்டுபோனார். பாஷா பொட்டைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பூஜை போட்டுட்டீங்களே மாஸ்டர். வேலை குடுக்காம எப்படித் திருப்பி வாங்குறது?"

"எல்லா வேலையும் குடுத்துப் பார்த்துட்டேன் பாய்."

"எலுமிச்சங்கா அறுக்கறதுக்கா அதை அடிச்சான்?"

திரும்பும் வழியில் ஒரு பாழுங்கிணற்றில் போட்டார். விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெல்வெட்டில் படுத்திருந்தது. இவர் பஸ்ஸில் வந்தார். அது எதில் வந்ததோ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தனம் அவருக்கு முதுகைக் காட்டி மெஷின்முன் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட பீரோவில் அவள் முகம் தெரிந்தது. தொண்டைக் குழியில் ஒரு சிவப்புப் பொட்டு.

"தூங்கும்போது இங்க எதுக்குங்க பொட்டு வெச்சீங்க? வெட்டப்போற ஆட்டுக்கு வெக்கற மாதிரி."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவருக்கு நினைவில்லை. வலது கையைத் திருப்பிப் பார்த்தார். மோதிரவிரல் நுனி சிவந்திருந்தது.

"தனம், கீழ்பென்னாத்தூருக்கு உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. இப்பவே."

"இந்த ஜாக்கெட்டை முடிச்சுட்டுப் போறேன். இன்னும் ஒரு கைதான்."

மெஷின் கடகடவென்று ஓடியது. இன்னொரு தரம் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. வாசல் பக்கம் போய்விடலாம் என்று நினைத்தார். கால் அவளைப் பார்த்து ஒரு அடி வைத்தது.

இன்னொரு அடி.

வெல்வெட்டில் பதினொன்று. பன்னிரண்டாவது இடத்தில் பள்ளம் மட்டும்.

வலது கை கனத்தது. குனிந்து பார்த்தார். பிடி வெதுவெதுப்பாக இருந்தது. கத்தியின் மேலிருந்த பொட்டு அவர் கண்ணெதிரே கறுத்து, வெடித்து, பொடியாக உதிர்ந்தது. காய்ந்துவிட்டது.

மெஷின் நின்றது.

"இந்தக் கத்தரிக்கோலை எங்க வெச்சேன்?"

தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. நூலைப் பல்லாலேயே கடித்து அறுக்க, தனம் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தாள்.