செவ்வாயில் முளைத்த பரவாயில்லை

செண்பகத்தின் மேசைமேல் மூன்று ஒலிவாங்கிகள் நின்றன. எதற்கும் கம்பி கிடையாது. ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடித் துறைமுகத்தின்மேல் சாயங்காலம் ஆரஞ்சு நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் அந்தி நீலமாக இறங்கும். அங்கே பனி தோண்டும் நிலையத்தில் அவள் கணவன் உலகநாதன் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான்.

இருவரும் சேர்ந்து நடத்தும் ஒலிநிகழ்ச்சிக்கு 'ரெண்டு சாயங்காலம்' என்று பெயர். அவன் நீலத்தைச் சொல்வான், இவள் ஆரஞ்சைச் சொல்வாள். நடுவில் புளிக்குழம்புச் சண்டையும் உண்டு. ஆனால் இவள் பேச்சு அங்கே போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகும், அவன் பதில் வர இன்னொரு பத்து. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, எழுந்து போய் தோசை வார்த்துத் தின்றுவிட்டு வந்தால்தான் பதில் கிடைக்கும். அந்த இடைவெளிகளை வெட்டி ஒட்டுவது நாத்தனார் கோமதியின் வேலை.

"மொத ஒலிவாங்கி வேண்டாம் மதினி. துறைமுகத்துச் சங்கு, அடுத்த வீட்டு டிவி, எல்லாத்தையும் அள்ளிட்டு வரும்" என்றாள் கோமதி. "ரெண்டாவது சுத்தமா இருக்கும், ஆனா காத்திருக்கணும். மூணாவதுதான் முந்துவாங்கி."

"அது என்ன செய்யும்?"

"உங்க பழைய பேச்சையெல்லாம் கேட்டு, உங்க குரல்லயே ஒரு விதை செஞ்சு அங்க அனுப்பிரும். நீங்க என்ன சொல்லப் போறீங்களோ, அதை அந்தக் குரல்விதை முன்கூட்டியே அண்ணன்கிட்ட சொல்லிரும். அண்ணன் விதை இங்க உங்ககிட்ட பேசும். நிஜக் குரல் பின்னாடியே வரும். பேசிப் பாருங்களேன்."

செண்பகம் முந்துவாங்கியின் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். "என்னங்க?"

"சொல்லுளா" என்றது காதோரத்தில். உடனே. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவன் திரும்பிப் பேசுவானே, அந்த நெருக்கத்தில். செண்பகத்தின் கன்னம் சூடாகிவிட்டது.

"மூஞ்சியப் பாரு! இதையே எடுத்துக்கிடுவோம்" என்று கோமதி சிரித்தாள்.

நிகழ்ச்சி நேரலையாயிற்று. ஆரம்பத்தில், பத்து நிமிடம் கழித்து வரும் நிஜக் குரலை விதை பேசியதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போயிற்று. அதன்பின் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இரண்டு கிரகங்களின் அந்தியும் ஒரே அறைக்குள் வந்துவிட்டதுபோல், செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள்.

திரும்பும் கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்ப இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். இன்னொரு தவணை இருக்கும்படி நிலையத்தார் கேட்கிறார்கள் என்று உலகநாதன் சொல்லியிருந்தான். தன் முடிவை மட்டும் சொல்லவில்லை. செண்பகமும் கேட்கவில்லை.

புதன்கிழமை நேரலையில், நீலத்தை வர்ணித்துக்கொண்டே வந்த குரல் சட்டென்று கேட்டது: "ஏளா, இன்னொரு தவணை இருந்துட்டு வரட்டுமா?"

செண்பகம் கண்ணைத் திறந்தாள். இருக்கத்தான் ஆசைப்படுகிறானா? அவள் வாயே திறக்கவில்லை. கோமதி சட்டென்று ஒரு பாட்டைப் போட்டு நேரலையைச் சமாளித்தாள்.

"அண்ணன் இப்படிக் கேக்க மாட்டானே" என்று முந்துவாங்கியின் பின்பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். நிஜக் குரலை அப்படியே கேட்பதற்கான பொத்தான் அது. சற்று நேரத்தில் உலகநாதன் பேசினான், சுருதி இறங்கிய குரலில்.

"நான் ஒண்ணும் கேக்கலையே செண்பகம். நீயா ஏன் 'பரவாயில்லைங்க, இருந்துட்டே வாங்க'ன்னு சொல்லுத? சரி... உனக்குப் பரவாயில்லைன்னா நாளைக்குக் கையெழுத்துப் போட்டிருதேன்."

இங்கே அவன் கேட்காததை அவன் விதை கேட்டிருந்தது. அங்கே இவள் சொல்லாததை இவள் விதை சொல்லியிருந்தது.

"நான் எப்பச் சொன்னேன் கோமதி?"

"இன்னைக்குச் சொல்லல மதினி. அண்ணன் உங்க பொறந்தநாளை மறந்தப்பப் பரவாயில்லைன்னு சொன்னீங்க, மூணு தீபாவளிக்கும் சொன்னீங்க. அது கேட்டதைத்தான படிச்சிருக்கு?"

பாட்டு முடிந்ததும் செண்பகம் ஒலிவாங்கியை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். "இருக்க வேண்டாங்க. வந்திருங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. 'வெளிச் சத்தம். நீக்கப்பட்டது' என்று எழுத்து ஓடியது.

"வந்திருங்கன்னுதான சொல்லுதேன்!"

மறுபடியும் சிவப்பு. குக்கர் விசிலைத் தள்ளுவதுபோல இயந்திரம் அவளைத் தள்ளியது. அவள் இப்படிப் பேசி அது ஒருநாளும் கேட்டதில்லை.

"எனக்குப் பரவாயில்லைங்கிறதெல்லாம் பொய்! தனியா தோசை தின்னு அலுத்துப் போச்சு. நீலத்தை அங்கயே விட்டுட்டு வந்திருங்க!" சொன்னாள், திரும்பச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கடைசியில் விளக்கு பச்சையாயிற்று. அது செண்பகத்தின் குரல்தான் என்று இயந்திரம் ஒத்துக்கொண்டது.

மறுகணமே காதில் அவன் விதை, தேனாக, "சரிளா, வாரேன்."

மூன்று வருஷமாக அவள் ஏங்கிய சொற்கள். செண்பகம் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நீ சும்மா இரு. அவரு சொல்லட்டும்."

இருவரும் காத்திருந்தார்கள். துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. கோமதி நேயர்களின் செய்திகளைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

"மதினி, கடைசியா பேசுனது நீங்களே இல்லையாம். யாரோ போலிக் குரலைப் போட்டுட்டாங்களாம். இத்தன நாளாப் பேசுன நிஜச் செண்பகத்தைத் திருப்பிக் கொண்டாங்கன்னு ஒரே சத்தம்."

ஒலிபெருக்கி கரகரத்தது. நிஜ ஒலி வந்துவிட்டது.

பேச்சே இல்லை. நெடுநேரம் ஒரு மூச்சு மட்டும். பிறகு, பெரிய பை ஒன்றின் ஜிப்பை அவசரமாக இழுக்கும் சத்தம். பாதியில் சிக்கிக்கொண்டது. திரும்ப இழுபட்டது.