இரண்டாவது நூறு வாட்

என் கடைக்குள் யாராவது நுழைந்தால் சுவரில் இருக்கும் எண் ஏறத் தொடங்கும். வாசலில் மணி கட்டத் தேவையில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு அது 410 வாட் காட்டியது. நான், ஒரு மின்விசிறி, இரண்டு விளக்குகள், சோதனை மேசையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினி. எஸ்தர் உள்ளே வந்ததும் 510-ஐ நோக்கி நகர்ந்தது. கடைக்கு அனுமதி 600. அவளுக்குப் பின்னால் வந்தவர் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்துவிட்டு எதிரே வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டார். வேலூரில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எஸ்தர் பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை செய்பவள். தனியாகக் குடியிருக்கிறாள்.

"துளசிண்ணே, எனக்கு ஒரு கேம் மெஷின் கட்டணும். பதினெட்டாம் தேதிக்குள்ள."

"கட்டிடலாம்மா. உன் பங்கு எவ்வளவு?"

"சாயங்காலத்துக்கு ஐந்நூறு."

யாரும் முதலில் விலையைச் சொல்வதில்லை. பழைய உதிரிபாகங்கள் மலிவாகவே கிடைக்கின்றன. தட்டுப்பாடு வெப்பத்துக்குத்தான். ஒவ்வொரு வீடும் தெருவுக்குள் எவ்வளவு சூட்டை விடலாம் என்பதற்கு ஒரு வெப்பப் பங்கு உண்டு. அதை அளப்பது வெளிச்சுவரில் பதித்த சுவர்மானி. கால் மணி நேரச் சராசரி பங்கைத் தாண்டினால் வீட்டுக்கு ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றுவிடும். எல்லா வீடுகளும் குளிர்சாதனம் வைத்து உள்ளே இருந்த சூட்டை வெளியே தள்ளி, தெருவே அடுப்பாகிப்போன ஒரு மே மாதத்துக்குப் பிறகு வந்த விதி இது. எனக்கு விதியைவிட அதன் பின்னால் இருக்கும் இயற்பியல் பிடிக்கும். ஒரு கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும், கடைசி வாட் வரை, சூடாகத்தான் வெளியே வருகிறது. திரையில் ஓடும் கார், வெடிக்கும் பாலம், பெய்யும் மழை எல்லாமே முடிவில் அறைக்குள் கொஞ்சம் வெதுவெதுப்பு.

பட்டியல் தாளை எடுத்தேன். முதல் வரி அச்சடித்தே இருக்கும்: "ஆள்: 100." சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய நூறு வாட் வெப்பம் விடுகிறது. சுவருக்கு எது மனிதன், எது இயந்திரம் என்று தெரியாது.

"ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட்டுக்கு நூத்தி இருபது. உனக்கு நூறு. மீதி இருநூத்தி எண்பது. நல்லாவே கட்டலாம்" என்றேன். செயலிக்கு 65. திரைக்கு 30. நினைவகம், சேமிப்பகம், தாய்ப்பலகை சேர்த்து 15. மீதியில் பெரும்பகுதியை வரைகலை அட்டைக்கு ஒதுக்கினேன், 150. விளையாட்டுக் கணினியில் படங்களை வரைவது அதுதான். அங்கே கஞ்சத்தனம் பண்ணினால் மற்றதெல்லாம் வீண்.

"பெரிய ஃபேனா போட்டா சூடு குறையாதாண்ணே?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. "ஃபேன் சூட்டைத் தின்னாதும்மா. இங்கேர்ந்து அங்கே நகர்த்தும், அவ்வளவுதான். பெட்டிக்குள்ளேர்ந்து ரூமுக்கு, ரூம்லேர்ந்து சுவருக்கு. சுவர்மானி உக்காந்து எண்ணிக்கிட்டே இருக்கும்."

அலமாரியில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். "அப்போ இந்த எழுநூத்தம்பது வாட் பவர் சப்ளை?"

"அது தாங்கற அளவு. இழுக்கற அளவு இல்ல. பெரிய தட்டு வாங்கினா பெரிய சாப்பாடு வந்துடுமா? ஆனா மின்சாரத்தை மாத்திக் கொடுக்கறப்போ கொஞ்சம் வீணாகும். அதுக்கு இருபது போடறேன்." கூட்டினேன். சரியாக 280. ஒரு வாட்கூட மிச்சமில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. தாளை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். "ஒரு ஆள்தானா?"

"நீ மட்டும்தானே?"

"என் தம்பி வர்றான், ரூபன். தென்கடல் காத்தாலை மேடையில இருக்கான். மூணு வருஷம் கழிச்சு பன்னெண்டு நாள் லீவு. சின்ன வயசுல ஒரே திரையை ரெண்டாப் பிரிச்சு ரேஸ் ஓட்டுவோம். நான் தோக்கற மாதிரி இருந்தா அவன் முழங்கையைத் தட்டிவிட்டுடுவேன்."

இருபது வருடமாகக் கட்டுகிறேன். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து வலைவழியே சேர்ந்து ஆடுகிறார்கள். இரண்டு பேருக்கு யாரும் கேட்டதில்லை. அதனால் நானும் கேட்டதில்லை. ரூபனின் வெப்பப் பங்குப் பதிவு கடல் மேடையில் இருக்கிறது. இங்கே அவன் விருந்தாளி. அவனுக்குத் தனிப் பங்கு கிடையாது.

"விடுதியில ரூம் எடுத்துத் தங்கட்டும்மா. அங்கேயே ஒரு மெஷின் இருக்கும். நெட்ல சேர்ந்து..."

"அப்போ அவன் கடல்லயே உக்காந்து ஆடலாமே. எதுக்குண்ணே மூணு கப்பல் மாறி வரணும்?"

கணினிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்திருந்த வரைகலை அட்டையை வெளியே எடுத்துவிட்டேன். கனமான, அழகான அட்டை. "உன் தம்பி அமைதியா ஆடுவானா?"

"அவனா? ஊருக்கே கேக்கும்."

"அப்போ ஆளுக்கு நூத்தி இருபது."

இரண்டு பேருக்கு 240, வீட்டுக்கு 120. இயந்திரத்துக்கு மிஞ்சியது 140. முன்பு அட்டைக்கு மட்டும் கொடுத்த அளவைவிடக் குறைவு! அடுத்த ஒரு மணி நேரம் எனக்குத் திருவிழா. ஒரு சில்லுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்தால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நிறையக் குறையும். சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்வதால் வரும் லாபம் அது. செயலியை 35-க்குப் பழக்கினேன். தனி மின்கம்பி கேட்காத சின்ன அட்டையை 55-இல் நிறுத்தினேன். திரையின் வெளிச்சத்தை இறக்கி 20. மற்றவை 10. சின்ன மின்வழங்கியின் வீணாக்கம் 10. மொத்தம் 130.

"படம் சுமாராத்தான் இருக்கும். நிழலெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். மழை பெய்யாது."

"மழையை யாருண்ணே பாக்கப் போறா?"

பதினெட்டாம் தேதிக்கு முதல் நாள் கொண்டுபோனாள். மாதம் முடிந்து ஒரு மாலையில் திரும்பி வந்தாள். வந்ததும் வராததுமாக, "உங்க கணக்கு தப்புண்ணே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்கே தப்பு?"

"முதல் நாளே கரண்ட் போயிடுச்சு. கடைசி வளைவுல அவன் ஜெயிச்சுட்டான். கால் மணி நேரம் எழுந்து நின்னு டேன்ஸ்!"

குதித்து ஆடுகிறவன் நானூறு வாட்டைச் சுலபமாகத் தொடுவான். அதை நான் யோசிக்கவே இல்லை. "அய்யோ, அப்புறம்?"

"ஒரு மணி நேரம் சும்மா பேசிட்டிருந்தோம். மேடையில அவனுக்குக் கை உடைஞ்சிருக்கு, போன வருஷம். அன்னைக்குத்தான் சொன்னான். மூணு வருஷம் தினமும் ஃபோன்ல, நெட்ல ஆடியிருக்கோம், ஒரு வார்த்தை சொல்லல." பிறகு சிரித்தாள். "மறுநாளும் போச்சு. அன்னைக்கு நான் ஜெயிச்சேன்."

ரூபன் கப்பலேறிவிட்டான். இப்போது அவளிடம் நூற்றிருபது வாட் சும்மா கிடக்கிறது. பெரிய அட்டையை அவளுக்காக எடுத்து வைத்திருந்தேன். மேசைமேல் வைத்தேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளினாள்.

"வேணாண்ணே. மாடி வீட்டு அக்கா சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

அவள் போன பிறகு அச்சடித்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து, முதல் வரியில் இருந்த நூறைப் பேனாவால் அடித்தேன். பக்கத்தில் ஒரு வெற்றுக் கோடு போட்டு, அதன் மேல் எழுதினேன்: எத்தனை பேர்?

அடுத்து வந்தவர் பஞ்சாயத்து எழுத்தர், ஐம்பது வயது இருக்கும். தாளை வாங்கினார். பேனாவை அந்தக் கோட்டில் வைத்தார். எழுதவில்லை. யாரையோ நினைத்துப் பார்ப்பதுபோல அப்படியே நின்றார். வெளியே இன்னொருவர் வந்து நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. சுவரில் எண் 510.

நான் அவரை அவசரப்படுத்தவில்லை. சோதனை மேசைக் கணினியை அணைத்து, எண் இறங்கியதும், வெளியே நின்றவரை உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தேன்.