மாற்று ஆள்

மதிய ஷிப்டுக்கு இவள் வந்தபோது காய்ச்சல் வார்டு எப்போதும்போல நாறியது. பினாயில், வியர்வை, நனைந்த மெத்தை. வார்டு முழுக்க ஒரே நர்ஸ். கழிப்பறைக்குப் போக நேரமிருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் பார்க்கும் வேலை. மாற்று ஆள் வந்து "வாங்கிக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் முந்தைய ஷிப்டுக்காரி வாசலைத் தாண்டலாம். மாற்று ஆள் வராமலே அடுத்தடுத்த ஷிப்ட் பார்த்த மூத்த நர்ஸ் ஒருத்தி இங்கேயே சுருண்டு விழுந்து செத்தாள். அவள் இன்னும் ரவுண்ட்ஸ் வருகிறாள் என்பார்கள்.

உள்ளே காலை ஷிப்ட் முடித்த குருவி இருந்தாள். சுறுசுறுப்பால் வந்த பட்டப்பெயர். இன்று அவளுக்கு இங்கே கடைசி நாள். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி; ஒரு நர்ஸுக்கு நாலைந்து நோயாளிதான், உட்கார்ந்து சாப்பிடலாம். இன்றைய பஸ்ஸைப் பிடித்தால்தான் நாளை வேலையில் சேர முடியும். தவறினால் அந்த இடம் வேறொருத்திக்கு.

"நீங்களும் வந்திருங்கக்கா" என்று அவள் நேற்றுச் சொன்னது இவளுக்குச் சோற்றில் கல்லாகக் கடித்தது. இவள் கேட்ட மாறுதலை மேட்ரன் வருஷக்கணக்காக இழுத்தடிக்கிறாள். பின்னால் வந்தவள் முன்னால் போகிறாள்.

இவள் வார்டுக்குள் போகவில்லை. பக்கத்துத் துணி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ் போகட்டும்.

இருட்டில் பழைய போர்வைகளின் புழுங்கல் வாடை. சுவருக்கு அப்பால் குருவியின் செருப்பு வாசலுக்கும் மேசைக்கும் அலைந்தது.

பிறகு நின்றது.

"அப்பாடா, வந்துட்டீங்களா அக்கா? பாசத்துல என் பஸ்ஸ விட வச்சிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

பதில் சொன்னது இவளுடைய குரல்.

"போடி குருவி. வார்டை நான் வாங்கிக்கிட்டேன்."

இவள் வாயைப் பொத்தினாள். உதடு அசைந்திருக்கவே இல்லை.

குருவி ஓடும் சத்தம் படிகளில் தேய்ந்து மறைந்தது.

இவள் வெளியே வந்தாள். மேசையருகே யாரும் இல்லை. எல்லாப் படுக்கைக்கும் டிரிப்ஸ் புதிதாக மாற்றியிருந்தது. அந்த நடுக்கத்திலும் பொறாமைதான் முந்திக்கொண்டது. இங்கே கிடந்து தேய்ந்தவள் நான். செத்தவள்கூட அவளுக்குத்தானே வழிவிட்டாள்.

"என்னை ஏன் விடல?" என்று முணுமுணுத்தாள்.

காதோரம் குளிர்ந்த மூச்சு பட்டது.

"போறவ போகட்டும். ஒளிஞ்சுக்கிட்டாவது நீ இங்கதானே இருந்த."

அதற்குப் பிறகு இவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. குனிந்த தலையோடு ஊசி போட்டாள், மாத்திரை கொடுத்தாள். பொழுது சாய்ந்தபின் இவளை மாற்ற வந்த நர்ஸ் பையைத் தோளிலிருந்து இறக்கியபடியே சிரித்தாள்.

"பரவாயில்லையே, கடைசில இந்த வார்டுக்கு ரெண்டு பேர் போட்டுட்டாங்களா?"



வந்தவளின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"புது அக்கா யாரு? ஏன் உங்க தோளை விடாம புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க?"