பள்ளத்துக் காற்று

"மகள ஜெயிக்க வைக்க நான் துவக்கக் கெடுத்தேனாம், டோரீன் அக்கா! இன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டப் போறாங்க."

மைக்கல் டோரீன் வீட்டு வாசலிலேயே உடைந்துபோனார். அக்கரப்பத்தனைத் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் துவக்குகளைப் பராமரிப்பவர் அவர். இன்றைய போட்டியில், விடிகாலையில் சுட்ட அவர் மகள் அனுஷ்காவுக்கு முதலிடம். மதியம் அதே துவக்கால் சுட்ட பூரணியின் குண்டுகளோ அத்தனையும் இடப்பக்கம் போயிருந்தன.

பொலிஸில் இருந்து ஓய்வு பெற்ற டோரீன், மறுபேச்சில்லாமல் மதுரனின் ஆட்டோவில் ஏறினார். "இதுல என்னக்கா இருக்கு? குறி பாக்குற கண்ணாடியத் திருப்பிட்டாரு!" என்று வழியெல்லாம் தீர்ப்புச் சொன்னான் மதுரன்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா, நீதிபதி."

கழகத்தின் சுடுகளத்தில், இந்த மலையில் படுத்துச் சுட வேண்டும்; குறிப்பலகை முந்நூறு மீட்டர் தள்ளி எதிர்மலையில். நடுவே ஆழமான பள்ளம். கழகத் தலைவர் கணேசமூர்த்தி பெருமையோடு கை காட்டினார். "வலப்பக்கச் சரிவுல மரமெல்லாம் மறைச்சிச்சு. போன வாரம் நான்தான் வெட்டச் சொன்னேன். இப்ப பாக்கவே எவ்வளவு அம்சமா இருக்கு!"

டோரீன் பூரணியின் பலகையைக் கேட்டு வாங்கினார். ஐந்து ஓட்டைகளையும் அவரது உள்ளங்கை மூடியது. பிறகு பள்ளத்துக்கு இந்தப் பக்கமே ஐம்பது மீட்டரில் ஒரு பலகை வைத்து, அதே துவக்கால் பூரணியைச் சுடச் சொன்னார். குண்டு நட்டநடுவில் பாய்ந்தது.

"கை நடுங்கியிருந்தா ஓட்டை சிதறியிருக்கும். கண்ணாடி கோணலா இருந்தா கிட்டவும் கொஞ்சமாவது விலகியிருக்கும். பிள்ளையும் சரி, துவக்கும் சரி."

"அப்ப குண்ட யாருக்கா தள்ளினது?"

டோரீன் தொலைநோக்கியை நீட்டினார். மதுரன் பள்ளத்தைப் பார்த்தான். இங்கே கழகக் கொடி அசையாமல் தொங்க, அங்கே மானாப்புல் முழுவதும் இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தது. "ஆத்தாடி! இவ்வளவு காத்தா!"

"விடியக்காலையில இது இல்ல. வெயில் ஏறினாத்தான் கெளம்பும். ஆத்துல எறங்கின ஆள வெள்ளம் இழுக்குற மாதிரி குண்ட இழுத்திருக்கு. இத்தன வருசமா மரம் தடுத்துச்சு." டோரீன் தலைவரின் பக்கம் திரும்பினார். "அத வெட்டச் சொன்னது யாருங்க?"

கணேசமூர்த்தியின் முகம் செத்துப்போனது.

"பூரணி, இப்ப எதிர்மலைப் பலகையில சுடு. நடு வட்டத்த விடு. ஒரு சாண் வலப்பக்கம், வெறும் பலகையப் பாத்துச் சுடும்மா."

பூரணி தயங்கினாள், மூச்சை அடக்கிச் சுட்டாள். மதுரன் தொலைநோக்கியில் பார்த்தான். வெறும் பலகைக்குக் குறிவைத்த குண்டு, வட்டத்தின் நடுவில் துளையிட்டிருந்தது. எல்லோரும் பள்ளத்தின் மேலிருந்த அந்தக் காலி வெளியையே பார்த்தார்கள்.

கணேசமூர்த்தி மெல்ல வந்து மைக்கலின் கையைப் பிடித்தார். "மைக்கல்... என்ன மன்னிச்சிருங்க. நாளைக்கு விடியவே பூரணி திரும்பச் சுடட்டும்."

மைக்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூரணியிடம் கை நீட்டினார்.

"அப்ப துவக்கத் தாம்மா. நாளைக்குள்ள தொடச்சி வைக்கணும்."