தட்டில் ஏறியவள்

வானில் மிதக்கும் அந்தரை நகரில் எடையகம் திறப்பதற்கு முன்பே ஆட்கள் காத்திருப்பது வழக்கமில்லை. கீழே நிலத்தில் கல்யாணம், சாவு என்று போகிறவர்கள் ஒருவர் இருவர் வருவார்கள். இளவெயினி அவர்களை வெண்கலத் தட்டில் நிறுத்தி விசையைத் திருப்புவாள். எடைக்கிணற்றில் சேமித்திருந்த எடை உடம்பில் இறங்கியதும் முழங்கால் மடங்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். திரும்பி வந்ததும் எடையை ஒப்படைத்துவிட்டு, தெருக்கயிற்றைப் பிடித்தபடி பஞ்சுபோல வீட்டுக்குப் போவார்கள்.

இன்று வரிசை நீர்த்தொட்டி வரை நீண்டிருந்தது. ஊர் ஒரு முழம் இறங்கிவிட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். மழைக்காலத்தில் எப்போதும் இறங்குவதுதான். ஆனால் குடிகள் கொடுத்த எடையைத் தலைகீழாக்கித்தான் மிதப்பி எந்திரம் ஊரை வானில் நிறுத்துகிறது என்பதும், எடையில்லாமல் நிலத்தில் கால் வைத்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஊர் விழுமானால் அதற்குள் எடையை வாங்கி இறங்கிவிட வேண்டும். எல்லோரும் வாங்கினால் ஊர் விழும்.

மேலாளர் கோவேந்தன் கதவை மூடவில்லை. மூடினால் பயம் இரட்டிப்பாகும் என்றார். கேட்டவுடன் கொடுத்தால், இவ்வளவுதானா என்று பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.

"சிரிச்சுக்கிட்டே குடு, இளவெயினி. உன் கை நடுங்குனா ஊரே நடுங்கும்."

அவள் சிரித்தாள். இடுப்பில் கட்டிய நாடாவின் மறுமுனையில் மகள் தும்பி தலைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தாள். மூன்று வயது. எடையற்ற தாய்க்கு எடையற்றுப் பிறந்தவள். கிணற்றில் அவள் பெயரில் குன்றிமணி அளவுகூட இல்லை.

தட்டில் ஏறிய பருத்த மனிதர் ஒருவர், "என்னோடத மட்டும் குடும்மா. பக்கத்து வீட்டுக்காரனோடதையும் சேத்துத் தள்ளிராத," என்றார். வரிசையே சிரித்தது.

கோவேந்தன் சொன்னது பலித்தது. மதியத்துக்குள் கூட்டம் பாதியானது. வாங்கியவர்களில் சிலர் வெட்கத்தோடு திரும்பி வந்து ஒப்படைத்தார்கள். அப்போது தரை ஒரு விரற்கடை நழுவியது. விளக்குகள் ஆடி நின்றன.

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்கிட்டா நின்னுரும்," என்றார் கோவேந்தன் மெல்ல.

அவள் அதை நம்பினாள். ஆனால் நிற்காவிட்டால்? இத்தனை பேருக்கும் கிணற்றில் ஏதோ இருக்கிறது. தும்பிக்கு அவளை விட்டால் வேறெதுவும் இல்லை. நாடாவை இழுத்து மகளை இடுப்பில் வைத்துக்கொண்டாள். யோசித்து முடிப்பதற்குள் தட்டில் ஏறி, தன் எடை இருவருக்கும் பங்காகும்படி விசையைத் திருப்பிவிட்டாள்.

அவள் கால் தட்டில் அழுந்திய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வீட்டுக்குக் கிளம்பியிருந்த பெண் ஒருத்தி வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"குடுக்குறவளே எடுத்துக்கிட்டா, பாத்தீங்களா?"

கோவேந்தன் திட்டவில்லை. "போ. கொழந்தைய இறுக்கிப் பிடிச்சுக்க," என்றவர் விசையருகே போய் நின்று அடுத்தவரைக் கூப்பிட்டார். அதற்குள் வரிசை என்று ஒன்று இல்லாமல் போய், எல்லோரும் தட்டை நோக்கி முண்டிக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றில் இறங்கும் தொங்குவண்டி அவர்களை ஏரிக்கரையில் இறக்கியபோது அந்தரை சாய்ந்துகொண்டிருந்தது. அது ஏரியில் விழுந்த சத்தம் காதுக்கு எட்டுமுன் அதிர்வு பாதங்களுக்கு வந்தது. முதன்முதலாகத் தரையில் நின்ற தும்பி, கால் வலிக்கிறது என்று அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள்.

ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. எடை கிடைக்காதவர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள். கை கோத்தவர்களும் தனியே பிரிந்தவர்களுமாக, வானம் முழுக்க. மலைக்காற்று எழுந்து அவர்களை மெல்லக் கடல்பக்கம் நகர்த்தியது.

"அவங்கல்லாம் ஏம்மா எறங்கல?"

இளவெயினி குனிந்து மகளின் காலைத் தேய்த்துவிட்டாள். மேலிருந்து யாரோ கையசைப்பதாகத் தும்பி சொன்னாள். யாரென்று பார்க்க இளவெயினி தலையை நிமிர்த்தவில்லை. குழந்தைதான் திரும்பக் கையசைத்தாள்.