பழைய கதவுக்குப் புரியாத வரி

வாயடைத்து வைத்திருந்த எச்சரிக்கை அன்று சாயங்காலம் தானாகவே பேசியது. இந்துஜா எழுதும் நிரல்களைச் சரிபார்க்கிற மென்பொருள் அது. புது முறையில் எதை எழுதினாலும் அதற்குப் பிடிக்காது, சிவப்புக் கோடு போட்டுவிடும். கோவில்பட்டியின் அந்த மாடி ஆபீசில் எல்லோரும் செய்கிற மாதிரி அவளும் வரிக்குப் பக்கத்தில் 'கண்டுகொள்ளாதே' என்று குறிப்புப் போட்டு அதை அடக்கியிருந்தாள். இப்போது குறிப்பைக் காணோம். சிவப்பு மட்டும் இருந்தது: இந்த வரி பழைய கணினியில் ஓடாது.

கூட வேலை பார்க்கிற செண்பகராஜ்தான் அழித்திருப்பான், பாவி. கேட்டால் தொடவே இல்லை என்று சிரித்தபடி கிளம்பிப் போனான். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை.

தீப்பெட்டி ஆலையில் குச்சி உலர்த்தும் அறைக் கதவைத் திறக்கிற வரி அது. நேற்றுதான் அனுப்பியிருந்தாள். ஆலையில் இருப்பதோ பழைய கணினி, அங்கே வேலை பார்ப்பதோ அவளுடைய அக்கா சுடலைச்செல்வி. ஜன்னல் வழியே வந்த கரிசல் புழுதி வாசனைக்குள் எங்கிருந்தோ கருகின நெடி கலந்தது; மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் யாரோ மெதுவாகத் தட்டுவதுபோலக் கேட்டது.

போன் அடித்தது. அக்கா.

"ஏட்டி, கதவு திறக்கமாட்டேங்கு. உள்ள ஆளு இருக்கு."

முன்பு உள்ளே அடைபட்ட பெண்களோடு எரிந்துபோன கொட்டகை இருந்த இடம் அது. அன்றிலிருந்து, கதவு மூடியதும் தட்டி, உள்ளே யாரும் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். இன்று அக்கா கேட்டாளாம். பதில் வந்ததாம்.

தன் வரியால் ஒரு உயிர் போய்விடக் கூடாது. புது வரியை அழித்தாள். பழைய முறையில் எழுதினாள். அனுப்பினாள். சிவப்பு போனது.

"திறந்துட்டு" என்றாள் அக்கா.

"யாருக்கா உள்ள?"

"தெரியலட்டி. எல்லாரும் கடம்பூர் பஸ் ஏறியாச்சே. நாந்தான் கடைசி."

இந்துஜா தன் கணினியில் ஆலைக் கேமராவைத் திறந்தாள். இருட்டு வாசல். முன்னால் அக்கா. உள்ளிருந்து ஒருத்தி வந்தாள். உடம்பெல்லாம் கரிக்கட்டை. பின்னால் இன்னொருத்தி. வரிசையாக. முதலில் வந்தவள் அக்காவின் கையைப் பிடித்தாள். அவளை உள்ளே விட்டாள். கதவு மூடியது.

"ஏட்டி, திற." போனுக்குள் தட்டுகிற சத்தம்.

திற என்று அனுப்பினாள். திறக்கவில்லை. மறுபடி அனுப்பினாள்.

வரிக்குப் பக்கத்தில், அவள் போடாமலேயே, குறிப்பு திரும்ப வந்திருந்தது.

கண்டுகொள்ளாதே.