கிளியர் சொன்னவன்

கிண்ணியா பல்கீஸ் டீச்சர் காலை ஏழரைக்கே சீனக்குடா ஓடுபாதைக்கு வந்துவிட்டார். கட்டாரில் இருக்கும் மகன், உம்மாவின் பிறந்தநாளுக்கென்று சின்ன விமானத்தில் மலை பார்க்க ஏற்பாடு செய்திருந்தான். டீச்சரின் கையில் ஒரு பை நிறைய ரோல்ஸ்.

"மேல போனா பசிக்கும்தானே, தம்பி?"

விமானி இராகுலன் பையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். ரோல்ஸைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும். காரணம் ஊருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

எஞ்சினைத் தொடக்குமுன் விமானி "கிளியர்!" என்று கத்த வேண்டும். வெளியே நிற்பவன் முன்விசிறியை விட்டு விலகி, "கிளியர்!" என்று பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாவி. போன ஆவணியில் ஒருநாள் இராகுலன் கத்தவில்லை. காதில் போன். கல்யாணப் பந்திக்குக் கட்லட்டா ரோல்ஸா என்று வருங்கால மாமனாரோடு பெரிய வழக்கு. பேச்சுவாக்கில் சாவியைத் திருகினான். விசிறியடியில் குனிந்து நின்ற மெக்கானிக் யதுர்சனின் பாதித் தலை ஓடுபாதையில் உருண்டது.

"நான் கத்தினனான். அவன் கிளியர் சொன்னவன்," என்றான் விசாரணையில். செத்தவனா வந்து மறுக்கப் போகிறான்?

திரியாயில் யதுர்சனின் மனைவி நிவேதிகாவிடம், "உன்ர மனுசன் கவனமில்லாத ஆள் பிள்ளை," என்று சொல்லிச் சொல்லியே துக்கம் விசாரித்தார்கள். இங்கே கல்யாணமும் நடந்தது. கட்லட்டும் வைத்தார்கள், ரோல்ஸும் வைத்தார்கள்.

செத்தவன் வந்தான். ஆனால் மறுக்கவில்லை.

இன்றைக்கும் டீச்சரை ஏற்றிவிட்டு, "கிளியர்!" என்று கத்தினான் இராகுலன்.

"கிளியர், அண்ணை."

விசிறிக்குப் பக்கத்திலிருந்து. புதிய மெக்கானிக் அஸாமோ அறுபது அடி தள்ளி, வாயே திறக்காமல் கையைக் காட்டிக்கொண்டு நின்றான். கராம்பு வாசம் அடித்தது. யதுர்சன் பல்வலிக்கு எந்நேரமும் கராம்பு கடிப்பவன்.

ஆறு மாதமாக இதே கூத்துத்தான். இராகுலன் பழகிவிட்டிருந்தான்.

கொட்டியாரக்குடா கீழே வெள்ளித் தகடாய்க் கிடந்தது. மகாவலியைப் பிடித்துக்கொண்டு தெற்கே பறந்து, நக்கிள்ஸ் மலையின் மூஞ்சிக்கு முன்னால் வந்தார்கள். டீச்சர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஒருமுறை இருமியது.

நின்றது.

விசிறியும் அசையாமல் நிமிர்ந்து நின்றது. காற்றின் ஊளை மட்டும். அடைத்த கண்ணாடிக்குள் கராம்பும் பச்சை இரத்தமும் சேர்ந்து மணத்தன.

விசிறியின் அலகைக் கட்டிப் பிடித்தபடி யதுர்சன் தொங்கினான். மிஞ்சிய பாதித் தலையில் ஒரு கண், இராகுலனையே பார்த்தது.

"ஏன் தம்பி நிப்பாட்டின?" டீச்சருக்கு மலை மட்டும்தான் தெரிந்தது. அது வரவர உயர்ந்துகொண்டே வந்தது.

இராகுலன் சாவியைத் திருகினான். விசிறி அரைச்சுற்றுச் சுற்றியது. அறுந்த கையொன்று கண்ணாடியில் வந்து அறைந்தது. அதன் விரல்கள் கண்ணாடியைப் பிறாண்டின.

எஞ்சின் பிடிக்கவில்லை.

மறுபடி திருகினான். விலா எலும்புகள் விறகுபோல முறிந்தன. இரத்தம் மலையை மறைத்தது.

மூன்றாந்தரம் தாடை பிய்ந்து போனது. குரல் மட்டும் போகவில்லை. ஹெட்செட்டுக்குள் கேட்டது.

"கத்தேல்லயே, அண்ணை."

"ஓம்! கத்தேல்ல! நான் கத்தேல்ல மச்சான்! நீ கிளியர் சொல்லேல்ல! எல்லாரிட்டயும் சொல்லுறன், நிவேதிகாட்டப் போய்ச் சொல்லுறன்! விடு என்னை!"

காதோரம் ஒரு மூச்சு.

"கிளியர், அண்ணை."

எஞ்சின் பிடித்தது. மரங்களின் தலையை உரசிக்கொண்டு விமானம் எழும்பியது.

சீனக்குடாவில் இறங்கியபோது கண்ணாடியில் ஒரு துளி கறையில்லை. முகாமையாளர் தவராசா ஓடி வந்தார்.

"என்ன தம்பி, ரேடியோவும் இல்லை, ஆளும் இல்லை? என்ன நடந்தது?"

இராகுலன் தன் கால்களைப் பார்த்தான். நல்ல திடமான தரையில் நின்றன. தரைக்கு வந்ததும் அவனுக்குப் பழைய புத்தியும் வந்துவிட்டது.

"ஒண்டுமில்லை ஐயா. எண்ணெய்க் குழாயில காத்து. டீச்சர்தான் பயந்து போனா."

"நானா பயந்த? நீங்கதான் 'கத்தேல்ல, கத்தேல்ல'ண்டு குளறினீங்க!" டீச்சர் விடவில்லை. "ஆரு தம்பி அந்த மச்சான்?"

காதில் விழாதவன்போல அவன் விமானத்தின் முன்பக்கம் போனான். அலகில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

யாரும் கத்தவில்லை.

விசிறி சுழன்றது.

தெறித்த இரத்தம் டீச்சரின் ரோல்ஸ் பைவரை வந்தது.

ஒரு கிழமைக்குள் குறிஞ்சாக்கேணி முதல் திரியாய்வரை கதை போய்ச் சேர்ந்தது. டீச்சர் சும்மா இருக்கும் ஆளா? நிவேதிகாவிடம் இரண்டாந்தரம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கவனத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து புதிய விமானி வந்தார். பேய்க்கதை கேட்டுச் சிரிக்கிறவர். முதல்நாள் ஏறி உட்கார்ந்து, "கிளியர்!" என்று கத்தினார்.

அறுபது அடி தள்ளி அஸாம் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

விசிறியடியிலிருந்து இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று நிதானமாக, கராம்பு மணத்தோடு.

மற்றது, சொல் முடியுமுன்னே வெட்டுப்பட்டு.